உத்தம ஊழியக்காரி

கஞ்சியைத் துணியில் ஊற்றிப் பிழிந்துகொண்டிருந்தபோதுதான் வேதக்கண்ணுக்கு உறைத்தது, இன்றைக்குக் காலையிலிருந்து ஐயரம்மா அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. முகம் துடைத்துவிட்டபோது கேட்கவில்லை. விரிப்பை மாற்றப் புரட்டிப் படுக்கவைத்தபோது கேட்கவில்லை. நேற்றுவரை கண் திறக்கிறபோதெல்லாம், சில சமயம் கண்ணைத் திறக்காமலேகூட, ‘பாப்பா வந்தாளாட்டி?’ என்று கேட்டுக்கொண்டிருந்த வாய் இன்றைக்கு லேசாகத் திறந்தபடி சும்மா கிடக்கிறது. கேட்காதவரைக்கும் நல்லதுதான், பதில் சொல்லும் வேலை மிச்சம் என்று முதலில் நினைத்தாள். நினைத்த மாத்திரத்தில் கை நின்றுவிட்டது. துணிக்குள்ளிருந்த சூடு உள்ளங்கையைச் சுட்டது, அப்போதும் எடுக்கத் தோன்றவில்லை. ஒரு மனுஷி சாகக் கிடக்கிற வீட்டில் வேலை மிச்சம் என்று கணக்குப் பார்க்கிற நெஞ்சு என்ன நெஞ்சு. சீ என்று தன்னையே திட்டிக்கொண்டு மறுபடி பிழிந்தாள். இந்தக் கஞ்சியும் உள்ளே இறங்கப்போவதில்லை என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் பிழிந்தாள். பதிலை அவளா உண்டாக்கினாள்? ஐயர் சொல்லிக்கொடுத்தது. இந்தப் பக்கத்துச் சபைகளில் பாதிரியாரை ஐயர் என்பார்கள், அவர் மனைவியை ஐயரம்மா என்பார்கள். ஞானாபரணம் ஐயர் ஓய்வு பெற்று வருஷம் பல ஆகியும் பாளையங்கோட்டையில் இன்றுவரை அவர் பெயர் ஐயர்தான், அவர் வாயிலிருந்து வருவது பிரசங்கம்தான். போன வாரம் ஒருநாள் மதியச் சாப்பாடு முடிந்து கை துடைத்துக்கொண்டே சொன்னார்: ‘வேதக்கண்ணு, அவ ஊருக்கு வந்திருக்காளாம். பின்வாசல்ல வந்து நிப்பா. அம்மா தூங்குதாவன்னு சொல்லி அனுப்பிரு. கேட்டா, அவளப் பத்தி அம்மா பேச்சே எடுக்கலன்னு சொல்லு. அம்மா கேட்டா, பாப்பா ஊருக்கே வரலன்னு சொல்லு.’ அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று, நடுவில் வேதக்கண்ணு. ‘சரிங்கய்யா’ என்றாள். அவள் வேறு எதைச் சொல்லியிருக்கிறாள் இந்த வீட்டில்.

கஞ்சிக் கிண்ணத்தை மூடி வைத்துவிட்டு நடையைப் பார்த்தாள். அடுக்களைக்கும் ஐயரம்மா படுத்திருக்கும் உள்ளறைக்கும் நடுவே அந்த நடை. சன்னல் இல்லாத நடை. பகலிலும் பாதி இருட்டு. இந்த பங்களா முன்காலத்தில் மிஷன் துரைமார் இருந்தது. கடைசித் துரை கப்பலேறியபோது சாமான்களோடு இதையும் ஐயரின் மாமனார் வாங்கிப் போட்டார், நடையில் தொங்கிய நாலு படங்களும் சேர்ந்தே வந்தன. துரைசாணி ஜெர்மன் தேசத்திலிருந்து கொண்டுவந்தவையாம். முன்னூறு வருஷத்துக்கு முந்தியவை, செம்புத் தகட்டில் வெட்டி அச்சடித்தவை என்று ஐயர் வருகிறவர்களிடம் பெருமையாகச் சொல்வார். ஹாலில் மாட்டலாமே என்று யாராவது கேட்டால் சிரிப்பார். இது வேலைக்காரருக்கு உள்ள படம், வேலைக்காரர் நடக்கிற இடத்தில்தான் இருக்க வேண்டும் என்பார். சனிக்கிழமை சாயங்காலம் வேலைக்காரர் ஜெபம். துரைசாணி தொடங்கிவைத்த வழக்கம், ஐயர் விடவில்லை. சமையல்காரர், தோட்டக்காரர், மாடு பார்க்கிறவர், வேதக்கண்ணு எல்லாரும் நடையில் வரிசையாக நிற்க, ஐயர் கையில் விளக்கோடு ஒவ்வொரு படமாக வந்து பொருள் சொல்வார். முதல் படம் உத்தம ஊழியக்காரி. பெண்பிள்ளைதான், ஆனால் தலையில் கழுதைக் காது, எவ்வளவு ஏசினாலும் கேட்டுக்கொள்ள. பாதம் மானுக்கு உள்ளது, ஏவினால் ஓட. ஒரு கையில் துடைப்பம், ஒரு கையில் தண்ணீர்ச் செம்பு. உதட்டில் பூட்டு. நிஜப் பூட்டு, உதட்டைத் துளைத்து மாட்டியிருக்கும். இரண்டாவதில் ஒரு வேலைக்காரன் அடுப்படியில் தூங்குகிறான், பூனை மீனைத் தின்கிறது, மேகத்துக்குள்ளிருந்து ஒரு கண் மட்டும் பார்க்கிறது. முகமில்லாத கண். வேலைக்கு வந்த புதிதில் அந்தக் கண்ணுக்குப் பயந்து வேதக்கண்ணு முந்தானையால் தலையை மூடிக்கொண்டுதான் நடையில் போவாள். ஐயரம்மா பார்த்துவிட்டு, ‘ஏட்டி, அது காயிதம்’ என்று சிரித்தாள். காகிதம்தான். ஆனால் மேலே கண்ணாடி இருக்கிறதே. பின்வாசல் திறந்திருக்கும் மத்தியானத்தில் வெளிச்சம் வந்து கண்ணாடியில் விழும். அப்போது போகிறவள் முகம் சரியாக முதல் படத்துப் பெண்ணின் முகத்தில் போய் உட்காரும். காது அவளுடையது, பூட்டு அவளுடையது, நடுவில் இருக்கும் கண் மட்டும் வேதக்கண்ணுடையது. இத்தனை வருஷத்தில் எத்தனை தடவை அப்படிப் பார்த்திருப்பாள். இந்த ஒரு வாரமாக அவள் அந்தப் பக்கம் திரும்புவதில்லை, சுவரோரமாக ஒண்டிக்கொண்டு போகிறாள். அப்படியும் காதுமடல் சூடாகிறது. நேற்று தொட்டுக்கூடப் பார்த்தாள். பைத்தியம்தான்.

வரிசையில் இப்போது அவள் ஒருத்திதான். தோட்டக்காரர் செத்துப்போனார், மாட்டை விற்றாகிவிட்டது, சமையல்காரர் தேவசகாயம் வெளியே போனார், போனார் என்ன, போகச் சொன்னார்கள். அவர் சமைத்த மீன்குழம்பை முப்பது வருஷம் நக்கிச் சாப்பிட்ட வீடு ஒரே காலையில் அவரைத் தெருவில் நிறுத்தியது. குழம்பில் குற்றமில்லை. அவர் மகன் சாலமோன் வாத்தியார் வேலைக்குப் படித்து, போபாலில் வேலையும் வாங்கி, அந்தச் சூட்டோடு சூடாக சுகிர்தா பாப்பாவைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டான். ஐயருக்கு ஒரே மகள். இந்த நடை வரிசையில் தகப்பன் பக்கத்தில் கைகட்டி நின்றவன் ஐயருக்கு மருமகன். ஐயர் கத்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது. தேவசகாயம் குடிக்கிற டம்ளரை எடுத்து வெளித் திண்ணையில் வைத்தார், அவ்வளவுதான். அதை எடுத்துக்கொண்டு அந்த மனுஷர் போனார். பிறகு ஐயர் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து சொன்னார், ‘அவ இனி இந்த வாசல மிதிக்கப்படாது.’ ஐயரம்மா ரசத்தை ஊற்றிக்கொண்டே இருந்தாள், தட்டு நிறைந்து மேசையில் ஓடும்வரை ஊற்றினாள். தேவனுடைய சமூகத்தில் எஜமானும் இல்லை, வேலைக்காரனும் இல்லை என்று பீடத்தில் ஏறி எத்தனை ஞாயிற்றுக்கிழமை சொல்லியிருக்கிறார் ஐயர். உருக்கமாகச் சொல்வார், கேட்கிறவர்கள் மூக்கைச் சிந்துவார்கள். இல்லைதான், பரலோகத்தில். பாளையங்கோட்டையில் இல்லை என்று அவர் சொன்னாரா? வேதக்கண்ணுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு வந்ததும் பயம் வந்தது. உள்ளறையில் ஏதோ சத்தம். ஓடிப் போனாள். மானுக்கு உள்ள பாதம் என்று போகிற வழியில் மனசு சொன்னது, சும்மா கிட என்றாள் மனசைப் பார்த்து. ஐயரம்மா அப்படியே கிடந்தாள். தொண்டைக்குள் மூச்சு இழுபட்டது. அம்மா, அம்மா என்று கூப்பிட்டுப் பார்த்தாள். இமைக்குள் கருவிழி அசைந்ததோ என்னவோ. கேளுங்கம்மா என்று சொல்ல வாய் வந்தது. கேளுங்க, ஒரு தடவ கேளுங்க, இன்னைக்கு நான் வேற பதில் சொல்லுதேன். சொல்வாளா? கேட்டிருந்தால் சொல்லியிருப்பாளா? கேட்கமாட்டாள் என்று தெரிந்ததால்தானே இவ்வளவு தைரியம். விரலால் ஐயரம்மாவின் உதட்டை ஈரப்படுத்திவிட்டு வந்தாள்.

பாப்பா தினமும் இந்த நேரத்துக்குத்தான் வரும், ஐயர் முன்னறையில் படுத்த பிறகு. பாப்பா என்கிறோம், முப்பதைத் தாண்டிய பொம்பளை, காதோரம் ஒரு நரை. வேதக்கண்ணு இடுப்பில் தூக்கிச் சுமந்த பிள்ளை. பின்வாசல் கேட்டுக்குப் பூட்டு கிடையாது, வெறும் கொக்கி, சின்னப்பிள்ளை கையை விட்டுத் திறந்துவிடலாம். பாப்பா திறக்காது. கேட்டுக்கு வெளியே வேப்பமர நிழலில் நிற்கும். அதுவும் ஞானாபரணம் ஐயர் பெற்றதுதானே, பிடிவாதத்துக்குக் கேட்கவா வேண்டும். முதல் நாளே சொல்லிவிட்டது. ‘திருட்டுத்தனமா வர மாட்டேன் வேதக்கா. அம்மா என்னக் கேட்டான்னு ஒரு வார்த்த சொல்லு, அப்பா குறுக்க படுத்தாலும் தாண்டி வாரேன். கேக்கலன்னா, எனக்கு இங்க என்ன இருக்கு.’ ஒரு வார்த்தை. தினமும் அதற்காக வெயிலில் பஸ் ஏறி வந்து நின்றது. ‘அம்மா எப்படி இருக்கா?’ ‘தூங்குதாவ பாப்பா.’ ‘என்னக் கேட்டாளா?’ அப்போது வேதக்கண்ணு வேப்பம்பழம் விழுந்து கிடக்கிற தரையைப் பார்ப்பாள். ‘இல்ல பாப்பா. ஒண்ணும் பேசல.’ பாப்பா தலையை ஆட்டும், பையிலிருந்து ஆரஞ்சோ பிஸ்கோத்தோ எடுத்துக் கொடுக்கும், போகும். முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியாது. உள்ளே ஓடிவந்தால், நடையைக் கடந்தால், படுக்கையில் அந்தக் குரல், ‘பாப்பா வந்தாளாட்டி?’ ஒரு நாள் ஆரஞ்சை உரித்துச் சாறு எடுத்து ஐயரம்மாவுக்குக் கொடுத்தாள். குடித்துவிட்டு, நல்லா இருக்கு, யார் வாங்கினா என்று கேட்டாள் ஐயரம்மா. ‘கடையில வாங்கினது’ என்றாள் வேதக்கண்ணு. அது யாரும் சொல்லிக்கொடுக்காத பொய். அது மட்டும் அவளுடைய சொந்தப் பொய். ஐயர் சொன்ன பொய்க்கு ஐயர் பதில் சொல்லட்டும், ஆரஞ்சுக்கு யார் பதில் சொல்வது? நேற்று பாப்பா போகும்போது திரும்பி வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டது. ‘நாளைக்கு ராத்திரி ரயில் வேதக்கா. லீவு முடிஞ்சுது. நாளைக்கு ஒரு தடவ வந்து கேட்டுட்டுப் போயிருதேன்.’ நாளைக்கு என்றது இன்றைக்குத்தான்.

இடது மணிக்கட்டில் வளையலை மேலே தள்ளிப் பார்த்தாள். இருக்கிறது. ஒரு பயறு அளவுக்கு வெள்ளை. நேற்று பார்த்ததைவிடப் பெரிதா, அதே அளவா? எச்சிலைத் தொட்டுத் தேய்த்தாள், போகவில்லை. பொய் சொன்ன இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ வந்தது. நாலாவது படம் இதுதான், உள்ளறை வாசலுக்குப் பக்கத்தில் இருப்பது. தீர்க்கதரிசிக்கு ஒரு வேலைக்காரன், பெயர் அவளுக்கு வாயில் நிற்காது. ஆசைப்பட்டுப் பொய் சொல்லி எஜமானுக்குத் தெரியாமல் வெகுமதி வாங்கிக்கொண்டு வந்தான். உனக்கு வெண்குஷ்டம் பிடிக்கட்டும் என்றார் தீர்க்கதரிசி, பிடித்தது, உறைந்த மழை மாதிரி வெளுத்துப் போனான் என்று வேதத்தில் இருக்கிறது. படத்தில் அவன் வாசலைவிட்டு வெளியே போகிறான், ஒரு கையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டே போகிறான். அந்தக் கையில் மட்டும் கோடே இல்லை. மற்ற உடம்பெல்லாம் நெருக்கமாகக் கோடு இழுத்து நிழல் போட்ட படக்காரன் கையை வெறும் தாளாக விட்டுவிட்டான். வேதக்கண்ணுக்கு அந்தக் கைதான் ராத்திரி கனவில் வருகிறது. நோய்த்துணியைச் சலவைச் சோடாவில் ஊறவைத்துத் துவைக்கிறாய், அதனால் தோல் வெந்திருக்கும் என்று மருந்துக்கடைக்காரன் சொன்னான். சொல்லுவான், அவனுக்கென்ன, அவனா பொய் சொன்னான். ஆனால் படத்திலுள்ள அந்த ஆள் எஜமானுக்குத் தெரியாமல் பொய் சொன்னான், அவள் எஜமான் சொல்லித்தானே சொல்கிறாள்? கீழ்ப்படியாவிட்டால் முதல் படத்துக்குத் துரோகம். கீழ்ப்படிந்து பொய் சொன்னால் நாலாவது படம். நடை ஒன்றுதான், முதல் படத்துக்கும் நாலாவது படத்துக்கும் நடுவே எட்டிப் போட்டால் பத்தடி இருக்கும், அந்தப் பத்தடிக்குள் ஒரு மனுஷி எங்கே நிற்பாள்? துரைசாணிக்கு இது தோன்றியிருக்காது, அவள் படத்தை மாட்டினாள், நடக்கவா செய்தாள். ஒருநாள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது ஐயரம்மா சொன்னது நினைவு வந்தது. உடம்பு நன்றாக இருந்த காலம். ‘அந்தக் குஷ்டக்காரன் கத இருக்குல்லாட்டி, அதே கதையில முன்னால ஒரு சின்னப் பொண்ணு வாரா. சிறை பிடிச்சுட்டு வந்த வேலைக்காரப் பொண்ணு. அவ எஜமானுக்குக் குஷ்டம். அவதான் எஜமானிகிட்ட வாயத் தெறந்து, எங்க ஊருல ஒரு தீர்க்கதரிசி இருக்கார், ஐயாவ அங்க அனுப்புங்க, சொகமாவும்னு சொன்னா. அவ சொன்னதாலதான் எல்லாம். அவளுக்குப் பேருகூடப் போடல. படமும் போடல பாரு.’ சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள் ஐயரம்மா. வெங்காயம் என்றுதான் அன்று வேதக்கண்ணு நினைத்தாள். எதற்குச் சொன்னாள்? வாயைத் திற என்றா? ஐயரம்மாவும் திறக்கவில்லையே. ரசம் தட்டில் வழிந்தபோது திறந்திருக்கலாம். அவளும் இந்த வீட்டில் சம்பளமில்லாத ஊழியக்காரிதான் என்று நினைத்ததும் வேதக்கண்ணுக்கு வந்தது கோபமா அழுகையா என்று தெரியவில்லை. இரண்டும்தான்.

முன்னறையில் கட்டில் கிறீச்சிட்டது. மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். எழுந்துவிட்டாரா? இல்லை. புரண்டிருப்பார். வயசாகிவிட்டது, தூக்கம் பிடிப்பதில்லை. போன சனிக்கிழமை ஜெபத்தில் என்ன ஆயிற்று அவருக்கு? ஐயர் நின்றார், அவள் நின்றாள், வேறு யார் இருக்கிறார்கள் நிற்க. உள்ளறையில் ஐயரம்மா முனகிக்கொண்டிருந்தாள். முதல் படத்துக்குப் பொருள் சொன்னார், இரண்டாவது, மூன்றாவது. எஜமான் வரத் தாமதமாகும் என்று குடித்து வெறித்து ஆளை ஆள் அடித்துக்கொள்ளும் வேலைக்காரர்கள், கதவில் எஜமான். எல்லாம் சொன்னார். நாலாவது படத்துக்கு முன்னால் வந்து விளக்கைத் தூக்கினார். தூக்கியபடியே நின்றார். பிறகு ஒன்றும் சொல்லாமல், ஜெபிப்போமாக என்று கண்ணை மூடிக்கொண்டார். அவள் மூடவில்லை. வளையலைக் கீழே இறக்கிவிட்டுக்கொண்டு அவருடைய மூடின கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஐயருக்குத் தெரிந்துபோயிற்று, மணிக்கட்டைப் பார்த்துவிட்டார், அதனால்தான் படத்தை விட்டுவிட்டார் என்று அன்று ராத்திரி முழுக்கப் புரண்டாள். இப்போது அடுப்பைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது வேறொன்று தோன்றியது, ஐயர் பயந்தது அவருடைய பொய்க்குத்தானோ என்று. தோன்றியதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் கரண்டியைக் கழுவி வைத்தாள், கழுவின கரண்டியை மறுபடி கழுவினாள். இன்றைக்கு ஒரு சௌகரியம் இருக்கிறது. இன்றைக்குப் பாப்பா வந்து, அம்மா என்னக் கேட்டாளா என்றால், இல்ல பாப்பா, காலைலருந்து கேக்கல என்று சொல்லலாம். பொய்யே இல்லை. சுத்தமான உண்மை. ஐயரின் வார்த்தையும் நிற்கும், அவள் வாயும் சுத்தம், வெள்ளை பரவாது, பாப்பா ரயிலேறிப் போகும், எல்லாருக்கும் நல்லது. எவ்வளவு அழகாக வந்து கூடிற்று. தேவனே இரக்கப்பட்டு வழி திறந்துவிட்டார் போல. இப்படி ஒரு வழியைத் திறக்கிறவர் தேவன்தானா என்று அடுத்த நொடியே ஒரு நடுக்கம். இத்தனை நாள் சொன்ன பொய்யெல்லாம் பொய்தான், ஆனால் அதைச் சொல்லும்போது உள்ளுக்குள் ஏதோ அறுத்தது, அறுப்பதே ஒரு காவல் மாதிரி இருந்தது. இந்த உண்மையைச் சொன்னால் அறுக்காது. அதுதான் பயம். அறுக்காமல் போனபிறகு அவள் யாராக இருப்பாள், படத்திலிருக்கிறவளாகத்தான் இருப்பாள். உள்ளறையில் மூச்சு இழுத்தது, நின்றது, எண்ணத் தொடங்கினாள், இழுத்தது. இயேசுவே என்றாள் சத்தமாக.

பஸ் போகிற சத்தம் கேட்டது. பிறகு செருப்புச் சத்தம், வேப்பஞ்சருகு மிதிபடுகிற சத்தம். கையைத் துடைத்துக்கொண்டு போனாள். பாப்பா புறப்படுகிற சேலையில் இருந்தது, கையில் பெட்டி. கேட்டுக்கு அந்தப் பக்கம் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு முகத்தைத் துடைத்தது. ‘அம்மா எப்படி இருக்கா வேதக்கா?’ தூங்குகிறாள் என்று சொல்ல வாய் தானாகப் போயிற்று, பழக்கம், மாடு தொழுவத்துக்குப் போவது போல. பாதியில் நின்றது. ‘மூச்சு இழுக்கு பாப்பா’ என்றாள். பாப்பாவின் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. கம்பியைப் பிடித்திருந்த விரல் மட்டும் வெளுத்தது. கேட்கப் பயந்து, கேட்காமலும் போக முடியாமல், ‘என்னக் கேட்டாளா?’ என்றது, இத்தனை நாளும் கேட்ட குரலைவிடச் சின்னக் குரலில். இல்லை என்பது நாக்கின் நுனியில் இருந்தது. உண்மை. கொட்டிவிட்டால் முடிந்தது. வேதக்கண்ணு பாப்பாவின் காதோரத்து நரையைப் பார்த்தாள். இதற்கு எப்போது நரைத்தது, யாருக்கும் தெரியாமல். ‘இன்னைக்குக் கேக்கல’ என்றாள். அது சொல்லி முடிப்பதற்குள் மற்றது வந்துவிட்டது, இருமல் வருவது மாதிரி, நிறுத்த முடியாமல். ‘நேத்து வரைக்கும் கேட்டாவ பாப்பா. முழிக்கும்போதெல்லாம் கேட்டாவ. பாப்பா வந்தாளா, பாப்பா வந்தாளான்னு அது ஒண்ணுதான். அம்மாகிட்ட நீ வரவே இல்லன்னு சொன்னேன். உங்கிட்ட கேக்கவே இல்லன்னு சொன்னேன். அந்த ஆரஞ்சு நீ வாங்கினதுன்னுகூடச் சொல்லல.’ பாப்பா அவளையே பார்த்தது. அடித்துவிடும் என்று நினைத்தாள், அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தாள். அடிக்கவில்லை. கொக்கியைத் தூக்கிற்று. பெட்டியை அங்கேயே விட்டுவிட்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல், அடுக்களைக்குள் நுழைந்து நடையில் போயிற்று. எந்தப் படத்தையும் பார்க்கவில்லை. இந்த வீட்டுப் பிள்ளை, அதற்கு அவை வெறும் காகிதம்.

வேதக்கண்ணு அடுக்களைவரைதான் போனாள். அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளறையில் ‘அம்மா’ என்று ஒரு குரல் கேட்டது. பிறகு தணிந்த குரலில் ஏதேதோ. சத்தம் போட்டு அழவில்லை. பேசிக்கொண்டிருந்தது, பள்ளிக்கூடம் விட்டு வந்து அன்று நடந்ததையெல்லாம் ஒப்பிக்கிற மாதிரி. முன்னறைக் கதவு திறந்தது. ஐயர் வந்து அடுக்களை வாசலில் நின்றார். பனியனும் வேட்டியுமாக, கண்ணாடி போடாமல், பார்க்க வேறு யாரோ போல இருந்தார். வேதக்கண்ணு தலையைக் குனியவில்லை. குனிந்தால் இனி நிமிர முடியாது என்று பட்டது.

‘பாப்பா வந்திருக்கு ஐயா. நாந்தான் சொன்னேன், அம்மா கேட்டாவன்னு.’

ஐயர் நடையின் பக்கம் திரும்பிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

‘தெனமும் கேட் பக்கத்துல பேசுதது எனக்குக் கேக்கும்’ என்றார். ‘தூங்கவா செஞ்சேன்? இன்னைக்கு இவ உள்ள விட்டுருவா, இன்னைக்கு விட்டுருவான்னு படுத்துக் கெடந்தேன். ஏன்ட்டி இத்தன நாளு விடல?’

அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அவர் முகத்தை நேராகப் பார்த்தாள்.

‘நீங்கதான சொன்னிய.’

‘சொன்னேன்’ என்றார். ‘சொன்ன வாயால எப்படித் திருப்பிச் சொல்ல? முப்பது வருசமா என்னத்தல்லாமோ சொல்லியிருக்கேன். இத ஒண்ண மட்டும் கேக்காம இருந்திருக்கப்படாதா நீ?’

ஐயர் கதவுநிலையில் கையை ஊன்றிக்கொண்டார். அந்த மனுஷனைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, பிடித்துத் தள்ள வேண்டும் போலவும் இருந்தது. இத்தனை நாளும், இரண்டு பக்கமும் பொய்யைச் சுமந்துகொண்டு அவள் நடந்த நாளெல்லாம், இவர் சுவருக்கு அந்தப் பக்கம் விழித்துக்கொண்டு, கீழ்ப்படியாத பாவத்தை அவள் செய்யட்டும் என்று காத்துக் கிடந்திருக்கிறார்.

‘வேதக்கண்ணு’ என்றார் ஐயர். இதற்குமுன் அவள் கேட்டிராத குரல். ‘அவகிட்டப் போயி, நான் உள்ள வரலாமான்னு கேட்டுட்டு வாட்டி.’

சரிங்கய்யா என்று வாய் திறந்தது. கால்கூட ஒரு எட்டு எடுத்து வைத்துவிட்டது.

‘நான் போக மாட்டேன் ஐயா’ என்றாள். ‘நீங்கதான் கேக்கணும்.’

ஐயர் நின்றுகொண்டே இருந்தார். உள்ளே பாப்பா விடாமல் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது. பதில் சொல்லும் குரல் கேட்கவில்லை.